தரங்கம்பாடி முதல் சென்னை வரை: தென்னிந்தியத் திருச்சபையின் ஒன்றிணைப்பும் தமிழ்க் கிறித்தவரிடையே நிலவிய இருவகைப் பிரிவினைகளும்

1919ஆம் ஆண்டு மே மாதத்தின் முதலிரு நாள்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் நீங்கலாக அனைவரும் இந்தியர். அவ்விருவருள் ஒருவர் அமெரிக்கரான செர்வுட் எட்டி, மற்றொருவர் எச். ஏ. பாப்லி. பின்னாளில், 1931இல், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் என்ற முறையில் பாப்லியைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். கூட்டத்தைக் கூட்டியவர்களுள் முதன்மையானவர்கள் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த மேசாக் பீட்டரும் ஆவர். வெவ்வேறு சபைகளைச் சார்ந்த இவர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையே, 28 ஆண்டுகளுக்குப் பின்னர் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு வித்தாக அமைந்தது.

அவ்வறிக்கையில் ஒரு கருத்து சிறப்பாக நோக்கத்தக்கது. தங்களைப் பிரித்துவைத்திருக்கும் பிரிவுகளைத் தாங்கள் உண்டாக்கவில்லை என்றும், அவை வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்றும் அதில் கையொப்பமிட்டோர் கூறினர். ஆங்கிலிக்கன், பிரெசுபிட்டேரியன், காங்கிரிகேசனல், மெதடிசுட்டு என்னும் பெயர்கள் யாவும் ஐரோப்பிய வரலாற்றின் பூசல்களிலிருந்து பிறந்தவை. இங்கிலாந்தின் அரசர்க்கும் உரோமைக்கும் இடையே நிகழ்ந்த பிணக்கோ, இசுக்காட்லாந்தில் எழுந்த சமயப் போராட்டமோ நாசரேத்திலும் நாகர்கோவிலிலும் வாழ்ந்த உழவர்க்கும் நெசவாளர்க்கும் உரியவை அல்ல. இவ்வகையில் அறிக்கையின் கூற்று முற்றிலும் உண்மை. எனினும் அது பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ்க் கிறித்தவரிடையே வெளியிலிருந்து வந்த பிரிவினையோடு உள்ளிருந்து எழுந்த பிரிவினையும் இருந்தது, அது சாதி. இவ்விரண்டும் தனித்தனியே இயங்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் புகலிடமாக இருந்தது. ஒன்றிணைப்பு வரலாற்றை இந்த உறவை மனத்திற்கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை வகுத்த சபைகள்

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் பணியாற்றிய சீர்திருத்தச் சபை மிசன்கள், ஒருவர் பகுதியில் மற்றவர் புகுவதில்லை என்னும் உடன்பாட்டைப் பெரும்பாலும் கடைப்பிடித்தன. போட்டியைத் தவிர்க்கும் நன்னோக்கில் எழுந்த ஏற்பாடு இது. ஆயின் அதன் விளைவு விந்தையானது. ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய இறையியல் நம்பிக்கை முடிவுசெய்யவில்லை. அவர் பிறந்த ஊர் முடிவுசெய்தது. தென்திருவிதாங்கூரில் 1806இல் ரிங்கல்தௌபே பணி தொடங்கியதால் அங்குள்ளோர் இலண்டன் மிசன் சபையினர் ஆயினர். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிசன்கள் வேரூன்றியதால் அங்குள்ளோர் பேராயர் ஆட்சிக்குட்பட்ட சபையினர் ஆயினர். மதுரையில் 1834 முதல் அமெரிக்க மிசனும், ஆர்க்காட்டுப் பகுதியில் 1853 முதல் இசுக்கடர் குடும்பத்தார் தொடங்கிய சீர்திருத்தச் சபை மிசனும் பணிசெய்தன. கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க மிசன் நிலைபெற்றது. நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்த ஒருவர், வழிபாட்டு முறையும் ஆட்சி முறையும் வேறான ஒரு சபையில் தம்மை இணைத்துக்கொள்ள நேர்ந்தது. ஏன் இவ்வேறுபாடு என்று அவர் கேட்டிருந்தால், அதற்கான விடையை இங்கிலாந்தின் 16, 17ஆம் நூற்றாண்டு வரலாற்றிலிருந்துதான் கூறியிருக்க வேண்டும்.

ஒரே ஆங்கிலிக்கன் மரபுக்குள்ளேயும் இரு மிசன் சங்கங்கள் தத்தம் ஊர்களைத் தனித்தனியே வைத்திருந்தன என்பதையும் இங்குச் சுட்டலாம். 1896இல் திருநெல்வேலிப் பேராயம் அமைந்து சாமுவேல் மார்லி அதன் முதற் பேராயரான பின்னரே அப்பகுதிச் சபைகள் ஒரு தலைமையின்கீழ் வந்தன. அதன் பின்னரும் முதியோர் பேச்சில் சபைகள் பழைய சங்கங்களின் பெயராலேயே வழங்கின. நாகர்கோவில் பக்கம் 'எல்.எம்.எஸ். சபை' என்னும் வழக்கு ஒன்றிணைப்புக்குப் பின்னும் நீடித்தது. நிருவாகம் ஒன்றானாலும் வழக்குச்சொல் எளிதில் ஒன்றாவதில்லை.

கடவுளுக்குப் பல பெயர்கள்

சொல்வழக்கைப் பற்றிப் பேசும்போது, தமிழாய்வு இத்துறைக்கு அளிக்கக்கூடிய ஒரு சான்றை விரிவாக நோக்குதல் தகும். சபைகளின் பிரிவு தமிழில் முதலில் பதிவானது கொள்கை அறிக்கைகளில் அன்று. கடவுளைச் சுட்டும் சொல்லில் ஆகும்.

கத்தோலிக்கரிடையே 'சர்வேசுரன்' என்னும் சொல் நிலைபெற்றிருந்தது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கும் தம் மொழிபெயர்ப்பில் அதனையே கையாண்டார். அவர் வழிவந்த பப்ரிசியுசு 'பராபரன்' என்றார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. லுத்தரன் மரபினர் அதனைப் பொன்னேபோற் போற்றினர். 1871இல் என்றி பவரின் முதன்மையில் பல மிசன்களும் கூடி உருவாக்கிய திருப்புதல், 'தேவன்' என்னும் சொல்லை ஏற்றது. அதற்கு முன்னர் 1850இல் பீட்டர் பெர்சிவலின் தலைமையில் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் உருவான மொழிபெயர்ப்பு தமிழகத்து மிசன்களால் ஏற்கப்படவில்லை. எனினும் அதன் தாக்கம் பவரின் திருப்புதலில் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் திருத்தங்களில் 'கடவுள்' இடம்பெற்றது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் 'கடவுள்' என்றே வழங்குகிறது.

பவரின் மொழிபெயர்ப்பு 'ஐக்கியத் திருப்புதல்' என்று பெயர் பெற்றது. இது கருதத்தக்கது. சபைகள் ஒன்றாவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே அவற்றின் வேதநூல் ஒன்றாகிவிட்டது. திருநெல்வேலி ஆங்கிலிக்கனும் மதுரைக் காங்கிரிகேசனலும் ஆர்க்காட்டுப் பிரெசுபிட்டேரியனும் ஒரே தமிழில் வேதம் வாசித்தனர். 1947இல் ஒன்றிணைந்த சபைகளின் தமிழ்ப் பரப்பையும் ஐக்கியத் திருப்புதல் வழங்கிய பரப்பையும் ஒப்பிட்டால் இரண்டும் பெரிதும் பொருந்திவரக் காணலாம். நெடுங்காலம் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை விடாது பற்றியிருந்த லுத்தரன் சபையினரே ஒன்றிணைப்புக்கும் வெளியே நின்றனர். இது தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. மொழிபெயர்ப்பு ஒன்றிணைப்புக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயின் எங்கெங்கு இணக்கம் சாத்தியம் என்பதை அது முன்னரே காட்டிற்று எனலாம்.

அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அவர் தந்தையார் தாமசு வேதநாயகம் ஆங்கிலிக்கன் கிராமக் குருவானவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிசனரி சங்கத்தையும், 1905இல் தேசிய மிசனரி சங்கத்தையும் தோற்றுவித்தவர்களுள் அசரியா முக்கியமானவர். தமிழ் நாட்டுச் சபை தன் சொந்தப் பணத்தில், தன் சொந்த ஆள்களைக் கொண்டு, தெலுங்கு நாட்டிற்குச் சமயப் பணியாளரை அனுப்பியது அக்காலத்தில் புதுமை. அவரே அவ்வாறு தோர்ணக்கலுக்குச் சென்றார். 1912 திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார்.

அதற்கு ஈராண்டு முன்னர், 1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிசனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. வெள்ளை மிசனரிகள் இந்தியப் பணியாளருக்குப் பணமும் உழைப்பும் தருகின்றனர், நட்பைத் தருவதில்லை என்பதே அவர் உரையின் உள்ளீடு. ஒரே மேசையில் அமர்ந்து உண்ணாத உறவைப் பற்றியே அவர் பேசினார். இந்தக் குறை தமிழருக்குப் புதியதன்று. ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணலாமா, ஒருவர் கையிலிருந்து மற்றவர் பெறலாமா என்பது தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் பழைய சிக்கல். வெள்ளையரை நோக்கி அதே வினாவைத் தொடுத்த அசரியா, சாணார் என்று இழித்துரைக்கப்பட்ட நாடார் குடியில் பிறந்தவர் என்பதையும், தோர்ணக்கலில் மாலா, மாதிகா என்னும் இரு ஒடுக்கப்பட்ட குடியினரை ஒரு சபையாக்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வுரையின் முழுப் பொருளும் விளங்கும்.

1927இல் உலோசான் மாநாட்டிலும் அவர் இதே நோக்கில் பேசினார். கிறித்தவ நாடுகளில் சபைப் பிரிவுகள் பலவீனமாக இருக்கலாம். கிறித்தவரல்லாத நாடுகளிலோ அவை பாவமும் இடறலும் ஆகும் என்பது அவர் வாதம்.

கைவைத்தல் என்னும் சிக்கல்

தரங்கம்பாடி அறிக்கை இணைப்புக்கு ஓர் அடிப்படையையும் முன்மொழிந்தது. திருமறை, பழைய இரு விசுவாசப் பிரமாணங்கள், ஞானமுழுக்கும் திருவிருந்துமாகிய இரு திருவருட் சாதனங்கள், வரலாற்றுவழி வந்த பேராயர் முறை என்னும் நான்கும் ஆங்கிலிக்கன் சபை 1888இல் இலாம்பெத்தில் வகுத்தவை. அவற்றை ஏற்ற அறிக்கை, சபை மக்களின் உரிமை, மூப்பர் மன்றங்களின் உரிமை, பேராயரின் பொறுப்பு ஆகிய மூன்று கூறுகளும் ஒரே சபைக்குள் இடம்பெற வேண்டும் என்றது.

முதல் மூன்றில் பெரிய தடை எழவில்லை. நான்காவதில்தான் 28 ஆண்டுகள் கழிந்தன. திருத்தூதர் காலந்தொட்டு இடையறாது வந்த பேராயரின் கைவைத்தலால் பட்டம் பெற்றவரே முறையான குரு என்பது ஆங்கிலிக்கருள் ஒரு சாராரின் உறுதியான நம்பிக்கை. அங்ஙனமாயின் மதுரையிலும் நாகர்கோவிலிலும் ஒரு நூற்றாண்டாகத் திருவிருந்து வழங்கிய குருமார் யாவரும் குருமார் அல்லரா? அவர்களுக்கு மீண்டும் பட்டம் கொடுக்க வேண்டுமா? அவ்வாறு கொடுப்பது அவர்தம் முன்னைப் பணியை இல்லையென்று ஆக்குவதாகாதா?

இச்சிக்கல் தமிழ் மண்ணுக்கு முற்றிலும் அயலானது என்று கூறிவிடவும் இயலாது. திருநெல்வேலியில் பெரும் பணியாற்றிய இரேனியுசு, லுத்தரன் முறையில் பட்டம் பெற்று ஆங்கிலிக்கன் சங்கத்தில் ஊழியம் செய்தவர். உபதேசிமார்க்கு ஆங்கிலிக்கன் பேராயர் முறையிலேயே பட்டம் தரவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. அவரைப் பின்பற்றியோர் தனியே நின்றனர். 1838இல் அவர் பாளையங்கோட்டையில் மறையும்வரை அப்பிளவு நீடித்தது. ஆகவே யாருடைய கை என்னும் வினாவால் தமிழ்ச் சபை பிளவுபட்ட வரலாறு ஒன்று முன்னரே இருந்தது.

1908இல் பிரெசுபிட்டேரியரும் காங்கிரிகேசனலாரும் இணைந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் ஆங்கிலிக்கன் சபையும் 1920இல் கூட்டுக்குழு அமைத்தன. 1925இல் மெதடிசுட்டுச் சபையும் சேர்ந்துகொண்டது. 1929இல் இணைப்புத் திட்டத்தின் முதல் வடிவம் வெளிவந்தது. பம்பாய்ப் பேராயராயிருந்த பால்மர் இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றினார். இறுதியில் எட்டிய தீர்வு எளிமையானது, அதனாலேயே துணிவானது. இணையும் நாளில் உள்ள குருமார் அனைவரையும், அவர்கள் எம்முறையில் பட்டம் பெற்றிருப்பினும், அவ்வாறே ஏற்பது. யாருக்கும் மறுபட்டம் இல்லை. இனிப் பட்டம் பெறுவோர் யாவரும் பேராயரின் கைவைத்தலால் பெறுவர். 30 ஆண்டுகள் இந்த இடைக்காலம் நீடிக்கும். எந்தச் சபையின் மனச்சான்றுக்கும் ஒவ்வாத குருவை அச்சபையின்மேல் திணிப்பதில்லை என்னும் உறுதிமொழியும் உண்டு. கொள்கையால் தீர்க்க முடியாததைக் காலத்தின் கையில் விட்டனர் எனலாம்.

இங்கிலாந்தில் இதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. கவிஞர் டி. எசு. எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறுநூலே எழுதினார். அழிவின்வழி மீளிணைப்பு என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். நவீனக் கவிதையின் முன்னோடியாக நம் மாணவர்க்கு அறிமுகமானவர், தென்னிந்தியச் சபைகள் எவ்வாறு ஒன்றுகூட வேண்டும் என்பதில் இத்துணைக் கவலை கொண்டிருந்தார் என்பது வியப்புக்குரியது. தரங்கம்பாடியில் கூடியவர்கள் கூறியதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை: பிரிவு மட்டுமன்றி, பிரிவைப் பற்றிய வழக்கும் வெளியிலேயே நடைபெற்றது.

மெதடிசுட்டுச் சபை 1943 சனவரியிலும், ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம் 1945 சனவரியிலும், தென்னிந்திய ஐக்கிய சபை 1946 செப்டம்பரிலும் ஒப்புதல் அளித்தன. ஆங்கிலிக்கன் வாக்கெடுப்பைக் காண அசரியா உயிரோடு இல்லை. 1945 சனவரி முதல் நாளில் அவர் காலமானார்.

இந்தியா விடுதலை பெற்று 43 நாள்கள் கழித்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைத் தூய சியார்ச்சுப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பெற்றது. திருவிதாங்கூர்ப் பேராயர் சி. கே. சேக்கப் வழிபாட்டை நடத்தினார். சற்றொப்ப 10 இலட்சம் உறுப்பினரையும் 14 பேராயங்களையும் கொண்டதாக அச்சபை அமைந்தது. அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அருட்பொழிவு பெற்றனர். அவர்களுள் மதுரை-இராமநாதபுரத்திற்குப் பொறுப்பேற்ற லெசுலி நியூபிகின் பேராயர் இல்லாத இசுக்காட்லாந்துச் சபையிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணப் பேராயரான சபாபதி குலேந்திரன், தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதித் தமிழாய்வுக்கும் தொண்டாற்றியவர். அதுவரை பேராயரையே அறியாத யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் வழிச் சபை, தமிழரான ஒருவரைத் தன் முதற் பேராயராகப் பெற்றது.

அனைவரும் இணைந்துவிடவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கருள் பெரும்பாலோர் வெளியே நின்றனர். ஐக்கிய சபையின் வடதமிழ்ப் பகுதி 1950இல்தான் சேர்ந்தது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபை முழு உறவை உடனே அளிக்கவில்லை. 1955இல் வரையறுக்கப்பட்ட உறவே கிடைத்தது. எல்லாவற்றினும் விந்தையானது தரங்கம்பாடியின் நிலை. செருமன் மிசனரிகள் முதல் உலகப்போர்க் காலத்தில் வெளியேற்றப்பட்ட சூழலில், 1919 சனவரியில், தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. நான்கு மாதங்கள் கழித்து அதே ஊரில்தான் ஒன்றிணைப்பு அறிக்கை எழுதப்பட்டது. ஊர் அறிக்கைக்குப் பெயர் தந்தது. ஊரின் சபை அதில் சேரவில்லை. தென்னிந்தியத் திருச்சபைக்கும் லுத்தரன் சபைகளுக்கும் இடையே 1948 முதல் இறையியல் உரையாடல்கள் நடந்தன. 1969இல் மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி ஒன்றை இருதரப்பினரும் இணைந்து நிறுவினர். அமைப்பு இணைப்பு மட்டும் கைகூடவில்லை.

உள்ளிருந்து எழுந்த பிரிவினை

இனி, அறிக்கையில் பேசப்படாத பாதிக்கு வரலாம். இதற்கும் தரங்கம்பாடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

1718இல் அங்கு எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சூத்திரக் கிறித்தவரும் பறையர் கிறித்தவரும் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர். 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவாகப் பட்டம் பெற்றார். அடுத்துப் பட்டம் தரவேண்டிய நிலை வந்தபோது, உழைப்பாலும் பக்தியாலும் சிறந்து நின்றவர் இராசநாயக்கன். தஞ்சைப் படையில் பணிபுரிந்தவர், கத்தோலிக்கராயிருந்து, தமிழில் அச்சான நற்செய்தி நூலைப் படித்துச் சீர்திருத்தச் சபைக்கு வந்தவர், பறையர். அவர் கையிலிருந்து திருவிருந்து பெறச் சாதிக் கிறித்தவர் உடன்படமாட்டார் என்று மிசனரிகள் அஞ்சினர். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குச் சென்றது. இராசநாயக்கன் உபதேசியாகவே 1771இல் மறைந்தார்.

20ஆம் நூற்றாண்டின் கூட்டுக்குழு 28 ஆண்டுகள் ஆராய்ந்த வினா, யார் கைவைத்தால் ஒருவர் குருவாவார் என்பது. 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடி எதிர்கொண்ட வினா, யார் கையிலிருந்து அப்பம் பெறலாம் என்பது. இரண்டும் குருத்துவத்தைப் பற்றியனவே. இரண்டும் கையைப் பற்றியனவே. முன்னதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கைகளும் மறுப்புகளும் உள்ளன. பின்னது கூட்டுக்குழு விவாதத்தின் மையத்திற்கு வரவேயில்லை.

பிரிவுகள் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்ற வகையை 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864) 1829இல் புதிய மிசனரிகளை எதிர்த்து எழுதினார். அவர் முறையிட்டவை நான்கு: வேதத் திருப்புதலை மாற்றியது, சாதிகளை ஒன்றாகக் கலக்க முயன்றது, திருநாள் வழக்கங்களை நீக்கியது, தமிழ் இசைப் பாடல்களைத் தடுத்தது. இன்றைய வாசகர் இந்நான்கில் இரண்டை ஏற்பர், ஒன்றை வெறுப்பர், ஒன்றில் நடுநிலை வகிப்பர். சாத்திரியாருக்கோ நான்கும் ஒரே மரபு. இரேனியுசு திருத்திய வேதமும் ஒரே பாயில் அமரச் சொன்ன கட்டளையும் ஒரே கையிலிருந்து வந்த ஒரே குற்றமாக அவருக்குத் தோன்றின. தமிழ்ப் பண்பாட்டைக் காக்கும் குரலும் சாதியைக் காக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து எழுந்தன என்பதை மறைக்காது பதிவுசெய்வது ஆய்வாளர் கடமை. அவருடைய கீர்த்தனைகளை இன்று எல்லாச் சபையாரும், எல்லாக் குடியினரும், ஒரே ஆலயத்தில் கூடிப் பாடுகின்றனர் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றிலும் விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். விலகியவர்களுக்குப் போக்கிடம் இருந்தது. 1840இல் வந்த செருமன் லுத்தரன் மிசன் சாதி வழக்கில் அத்துணைக் கடுமை காட்டவில்லை. அவ்விலகியோரில் பலர் அங்குச் சேர்ந்தனர். அவர்கள் லுத்தரின் கொள்கைகளை ஆராய்ந்து தெளிந்து சென்றவர் அல்லர். பழைய இருக்கையைத் தேடிச் சென்றவர். லுத்தரன் தரப்பு இதனை வேறுவகையில் விளக்கும்: சாதி படிப்படியாகக் கரைய வேண்டியது, ஆணையால் ஒழிவதன்று என்பது அம்மிசனின் நிலைப்பாடு. அவ்விளக்கத்தில் நேர்மை இல்லையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் விளைவு ஒன்றே. ஐரோப்பா தந்த சபைப் பிரிவு, தமிழகத்தின் சாதிப் பிரிவுக்கு மறுவாயில் ஆயிற்று. ஒரு குரு ஒரே பாயில் அமரச் சொன்னால், அடுத்த தெருவில் வேறொரு குரு இருந்தார்.

இந்நிலையில் ஒன்றிணைப்பு என்பது நிருவாகச் சீரமைப்பு மட்டும் அன்று. ஓர் ஊரில் ஒரு சபையே இருக்குமாயின் மறுவாயில் அடைபடும். அசரியா போன்றோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்று கருத இடமுண்டு.

அம்பேத்கரின் இரு வினாக்கள்

1935 அக்டோபரில் இயவோலாவில் தாம் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபின், பல சமயத் தலைவர்களும் அவரை நாடினர். அக்காலத்தில் அசரியாவும் அவரோடு உரையாடினார் என்றும், அம்பேத்கர் இரு வினாக்களை எழுப்பினார் என்றும் அசரியாவைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. தம் மக்கள் கிறித்தவரானால், எங்கு வாழினும் ஒரே சபையாக ஒன்றுபட்டிருக்க இயலுமா? சாதிக் காழ்ப்பிலிருந்து அவர்கள் முழுமையாக விடுபடுவரா? இரண்டில் எதற்கும் ஆம் என்று கூற இயலாமல் வெட்கித் திரும்பியதாக அசரியாவே பின்னர் ஒப்புக்கொண்டார் என்பது அச்செய்தி.

அவ்விரு வினாக்களும் இக்கட்டுரை பேசிய இரு பிரிவினைகளையே சுட்டுகின்றன. வெளியிலிருந்து பார்த்தவருக்கு அவை இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். உள்ளிருந்தோர் முதல் வினாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு விடை கண்டனர். இரண்டாவதற்குக் கூட்டுக்குழு அமைக்கப்படவில்லை. அம்பேத்கர் 1956இல் பௌத்தம் தழுவினார்.

1947க்குப் பின் மறுவாயில் குறுகியது உண்மையே. ஆனால் சாதி வெளியேறவில்லை. உள்ளே இடம் மாறியது. முன்னர் எந்தச் சபையில் சேர்வது என்பதில் வெளிப்பட்டது, பின்னர் குருசேகரத்தின் தேர்தலிலும் பேராயர் தேர்வின் வாக்கிலும் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் வெளிப்படலாயிற்று. பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித்துக் கிறித்தவரை விலக்கிவைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. அரசு கிறித்தவருக்குச் சாதி இல்லை என்றது. ஆலயத்தின் இருக்கை வரிசை இருக்கிறது என்றது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித்து இறையியல் என்னும் துறை கிளைத்தது. தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக விளங்கிய மாசிலாமணி அசரியா அதனைச் சபை மன்றங்களுக்குள் கொண்டுசென்றார். தோர்ணக்கல் அசரியாவின் பெயரையே கொண்ட மற்றொரு பேராயர் இரண்டாம் வினாவைக் கையிலெடுத்தது பெயரளவிலான ஒற்றுமைதான். எனினும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

1950இல் தென்னிந்தியத் திருச்சபை தனக்கென வகுத்துக்கொண்ட திருவிருந்து முறையில் ஒரு வழக்கம் சேர்க்கப்பட்டது. மலபாரின் சிரியன் மரபிலிருந்து எடுக்கப்பட்ட சமாதான வாழ்த்து அது. குருவானவர் தம் இரு உள்ளங்கைகளுக்குள் உதவியாளரின் கைகளைப் பற்றிச் சமாதானம் கூறுவார்; உதவியாளர் முதல் வரிசையில் இருப்பவருக்கு அதனைக் கொடுப்பார்; அவர் அடுத்தவருக்கு; அவ்வாறே கையிலிருந்து கைக்கு ஆலயத்தின் கடைசி வரிசைவரை அது செல்லும். ஆங்கிலிக்கனிடமோ பிரெசுபிட்டேரியனிடமோ மெதடிசுட்டிடமோ இவ்வழக்கம் அன்று இல்லை. இணைந்த சபைகளுள் எதற்கும் உரியதல்லாத, இந்திய மண்ணிலேயே பல நூற்றாண்டுகள் வழங்கிவந்த ஒரு சடங்கைப் புதிய சபை தன் வழிபாட்டின் நடுவில் வைத்தது. அடுத்தடுத்து அமர்ந்திருப்போர் ஒருவரையொருவர் தொட்டாலொழிய அது நிறைவேறாது.